மன்னிப்புக் கோருதலும் மாற்றம் காணலும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிடும் நம் பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்ற ஒரே நோக்குடன் தோன்றிய இச்சங்கம் இன்று இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்கின்றது. வெள்ளி விழா என்பது மகிழ்ச்சிக்குரிய நாள் மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் நாளும் ஆகும். அதனாற்றான், விழாக்குழுவினர் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நம்மிடம் விட்டபோது, கணக்கைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தோம்.

மேலை நாடுகளில் திருச்சபைகள், தாம் அடிமை வாணிகத்தில் பங்கு கொண்ட வரலாற்றுக் குற்றத்திற்காக மன்னிப்புக் கோரி வருகின்றன. இச்செய்திகளைப் படிக்கும் நம் இளைஞர்கள் கேட்கின்றனர்: "நம் நாட்டுத் திருச்சபைகள் சாதியை உள்ளே விட்டுவைத்தமைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாவா?" இந்த அவையில் மாரியம்மன் கோயிலுக்குச் செல்வோரும் உண்டு, மாதா கோயிலுக்குச் செல்வோரும் உண்டு, புத்தரைப் போற்றுவோரும், எக்கோயிலுக்கும் செல்லாதோரும் உண்டு. ஆயினும் நாம் அனைவரும் ஒரே தெருவிற் பிறந்தவர்கள். பலர் ஒரே குடும்பத்தினர். ஆகவே இவ்வினா கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. நம் அனைவர்க்கும் உரியது.

உலகம் காட்டும் சான்றுகள்

முதலில் வெளிநாட்டுச் செய்திகளைச் சுருக்கமாகக் காண்போம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1985ஆம் ஆண்டு கேமரூன் நாட்டில், அடிமை வாணிகத்திற்காக ஆப்பிரிக்க மக்களிடம் மன்னிப்பு வேண்டினார். 1992இல் செனகல் நாட்டின் கோரே தீவுக்கே சென்று, கறுப்பின மக்களைக் கப்பலேற்றிய இடத்தில் நின்று மீண்டும் வேண்டினார். அமெரிக்காவில் தென்பகுதி பாப்டிஸ்டு சபையானது, அடிமை முறையை ஆதரித்த பூசலில் 1845இல் பிறந்தது; 150 ஆண்டுகள் கழித்து, 1995இல், அது தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் 272 அடிமைகளை விற்று, அப்பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு தம் கல்லூரியின் கடனை அடைத்தனர். அதற்காக 2017இல் அச்சபை மன்னிப்புக் கோரியது. விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கெனப் பத்துக் கோடி டாலர் நிதி திரட்டுவதாக 2021இல் உறுதியளித்தது.

இவற்றுள் நமக்கு மிக அணுக்கமானது ஒன்றுண்டு. இங்கிலாந்தின் எஸ்.பி.ஜி. என்னும் நற்செய்திச் சங்கத்தின் பெயரைத் திருநெல்வேலி, தஞ்சை வட்டாரத்துக் கிறிஸ்தவர் நன்கறிவர். இச்சங்கத்திற்கு 1710இல் பார்படாஸ் தீவில் காட்ரிங்டன் என்னும் கரும்புத் தோட்டம் உயில் வழியாக வந்து சேர்ந்தது. தோட்டத்தோடு அடிமைகளும் வந்து சேர்ந்தனர். தொடக்கக் காலத்தில் அவ்வடிமைகளின் மார்பில் 'சங்கம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் காய்ச்சிய இரும்பாற் பொறிக்கப்பட்டது. 1834இல் பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறை ஒழிந்தபோது, அரசு அளித்த இழப்பீடு அடிமைகளை உடைமையாக வைத்திருந்தோர்க்கே சென்றது. அடிமைப்பட்டோர்க்கு ஒரு காசும் இல்லை. இழப்பீடு பெற்றோருள் இச்சங்கமும் ஒன்று. அதே சங்கந்தான் 1820களில் தமிழகத்துப் பழைய சபைகளை ஏற்று, இங்கும் பள்ளிகளைத் திறந்தது. ஒரு கையில் சூட்டுக்கோல், மறு கையில் அரிச்சுவடி! 2006இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை இக்குற்றத்திற்காக மன்னிப்புக் கோரியது. 2023இல் அத்திருச்சபையின் நிதி ஆணையம் பத்துக் கோடி பவுன் நிதியை அறிவித்தது; எஸ்.பி.ஜி.யின் வழிவந்த சங்கமும் அவ்வாண்டே காட்ரிங்டன் மக்களுக்கென எழுபது இலட்சம் பவுன் அளவிலான சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது.

ஆக, மன்னிப்புக் கோருதல் திருச்சபைகளுக்குப் புதியதன்று, இயலாததும் அன்று.

நம் நாட்டுக் கணக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சாதியைப் படைத்தது திருச்சபையன்று. அது வருமுன்னரே சேரி இருந்தது, பண்ணையடிமை இருந்தது. ஆங்கில அரசு 1843இல்தான் அடிமை உடைமையைச் சட்டம் ஏற்காது என்று கூறியது. திருச்சபை சாதியைப் படைக்கவில்லை. ஆனால் வாயிற்படியில் தடுத்து நிறுத்தவுமில்லை. குற்றம் அங்கேதான் தொடங்குகின்றது.

மதுரை மிஷனில் 17ஆம் நூற்றாண்டிலேயே உயர்சாதியினர்க்கு ஒரு வகைக் குரு, தாழ்த்தப்பட்டோர்க்கு வேறு வகைக் குரு என்ற ஏற்பாடு வளர்ந்தது. 1704இல் ரோமிலிருந்து புதுச்சேரிக்கு வந்த தூதர் டூர்னோன், நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் இல்லங்களுக்கே குருக்கள் சென்று அருட்சாதனம் வழங்க வேண்டும் என்று ஆணையிட்டார். இவ்வாறு ஆணையிடும் தேவை எழுந்தது என்றாலே, அதுவரை என்ன நடந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

புதுச்சேரிக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு புறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும் அமர்வர். 1745 அக்டோபரில் நடந்த ஒரு செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். நம் மக்கள் திரண்டு சென்று, ஒரே கடவுளின் பிள்ளைகளுக்குள் இச்சுவர் எதற்கு என்று குருவிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறிஸ்தவர் வெகுண்டு வாதாடினர். இளைஞர்களே, இதனைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாளிலேயே நம் முன்னோர் வாய்மூடி இருந்திலர். அம்பேத்கர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அவர்கள் நியாயம் கேட்டனர்.

சீர்திருத்தச் சபையாரிடமும் குறை இருந்தது. தரங்கம்பாடியில் 1733இல் ஆரோன் என்பவர் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர். அக்காலத்தில் தஞ்சைப் பகுதியில் ராஜநாயக்கன் என்னும் உபதேசியார் பேருழைப்பாற் புகழ்பெற்றிருந்தார். அவர் நம்மவர். உயர்சாதியார் அவர் கையால் திருவிருந்து பெற மாட்டார் என்ற அச்சத்தினால் அவருக்குப் போதகர் பட்டம் அளிக்கப்படவில்லை. தகுதி இல்லாமையாற் பட்டம் இழந்தாரல்லர்; பிறப்பினால் இழந்தார். இன்று நேர்முகத் தேர்வுகளில் நம் பிள்ளைகள் படும் பாட்டை அறிந்தோர்க்கு இது பழங்கதையாகத் தோன்றாது.

திருத்த முயன்றோரையும் மறத்தலாகாது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாகவும் முடிவாகவும் ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதினும் சபையை விடுவதே மேல் எனக் கருதி வெளியேறினர். நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், வேளாளர்க்கு ஒரு கை, நாடார்க்கு ஒரு கை என இருபுறமாகப் பிரித்தே கட்டப்பட்டது. 1910இல் கௌசானல் அடிகளார் தடுப்புச் சுவரை இடித்தார். வேளாளர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிய உரிமையை ஏற்க மறுத்தது. அவ்வழக்கில் நம் மக்கள் ஒரு தரப்பினர் அல்லர். எனினும் ஓர் உண்மையை அது நிலைநாட்டியது: உள்ளம் இருந்தாற் சுவரை ஒரே நாளில் இடிக்கலாம்.

இவையெல்லாம் முற்காலத்துச் செய்திகள் என்பீரேல், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தை நினைவு கூர்க. செத்த பின்னும் சேராதிருக்க அங்கே பிணங்களுக்கிடையே சுவர் எழுப்பப்பட்டது. அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள எறையூரை நினைவு கூர்க. அங்கே தலித் கத்தோலிக்கர் இறுதி ஊர்வலத்திற்கும் தனிவழி, வழிபாட்டிலும் வேற்றுமை. தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று அவர்கள் போராடியபோது, 2008 மார்ச் 9ஆம் நாள் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன; காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தாக்கிய தரப்பைச் சார்ந்த இருவர் மாண்டனர். அவர்களும் ஏழைக் குடியானவர்களே. சாதி இரு தரப்பாரையும் பலி கொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மறுப்புகளும் விடைகளும்

மன்னிப்புக் கோரவேண்டும் என்பார்க்கு எதிராகச் சிலர் கூறும் மறுப்புகளை நேர்மையாக ஆராய்வது நம் கடமை.

முதல் மறுப்பு: "தவறு செய்தோர் மறைந்துவிட்டனர், இன்றுள்ளோர் எவ்வாறு பொறுப்பாவர்?" தனிமனிதர்க்கு இது பொருந்தும், நிறுவனத்திற்குப் பொருந்தாது. நம் சங்கத்தின் தலைவர்கள் எத்தனையோ பேர் மாறியுள்ளனர். ஆனால் சங்கத்தின் பெயரும், நிலமும், வங்கிக் கணக்கும், பற்றுவரவும் தொடர்கின்றன. முன்னாள் பொருளாளர் வாங்கிய கடனை இந்நாள் பொருளாளர் "நான் வாங்கவில்லை" என்று தள்ளிவிட முடியுமா? சொத்துக்கு வாரிசாகும் நிறுவனம் கடனுக்கும் வாரிசாகும்.

இரண்டாம் மறுப்பு: "நமக்கு எழுத்தறிவித்தோர் பாதிரிமார் அன்றோ? அவர்களிடம் குறை காண்பது நன்றிகேடு ஆகாதா?" இதனை நம் முதியோர் பலர் மனமுருகிக் கூறுகின்றனர், அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஊர்ப் பள்ளியின் திண்ணைக்கும் நம்மை ஏற்றாத காலத்தில் கதவு திறந்தோர் அவர்களே. செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் பறையரின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்து, பஞ்சமி நிலம் கிடைக்க வழி பிறந்தபோது, நம் மக்களின் துயரை எடுத்துரைத்தோருள் மிஷனரிமாரும் இருந்தனர். இந்த நன்றியை நாம் என்றும் மறவோம். ஆனால் வரவு ஒரு பத்தி, செலவு மற்றொரு பத்தி. வரவைக் காட்டிச் செலவை அழிப்பவன் கணக்கன் ஆகான். நன்றியுடையோர் உண்மை பேசுதல் நன்றிகேடு அன்று.

மூன்றாம் மறுப்பு: "சாதியைக் காத்தவர்கள் ஏனைய மதத்தாரும் நிலவுடைமையாளரும் அரசாங்கமும் அல்லரோ? திருச்சபையை மட்டும் ஏன் கேட்கிறீர்?" நாம் யாரையும் விட்டுவிடவில்லை. நம் மாவட்டத்திலேயே 2012 நவம்பர் 7ஆம் நாள் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டும் எரிக்கப்பட்டும் அழிந்தன. அங்கே தீ வைத்தது எந்தத் திருச்சபையும் அன்று. ஆனால் ஒன்று. அனைவரும் சமம் என்று வாரந்தோறும் மேடையேறிச் சொல்பவரிடந்தான், அச்சொல்லின்படி நடந்தீரா என்று முதலிற் கேட்க முடியும். சமத்துவத்தையே ஏற்காதவரிடம் கேட்க வேண்டிய வினா வேறு. அதனையும் நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

நான்காம் மறுப்பு நம் இளைஞர்களே கூறுவது: "மன்னிப்பு என்ற சொல்லால் நமக்கு என்ன கிடைக்கும்? அது சோறு போடுமா?" இதற்குச் சற்று விரிவாக விடை கூற வேண்டும்.

சொல்லின் மதிப்பு

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவராக மாறிய நம் மக்கள் பட்டியலினத்தார் ஆகார். 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அத்தடை நீங்கியது. கிறிஸ்தவர்க்கும் இசுலாமியர்க்கும் நீங்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஒரே தெருவில், ஒரே சாதியிற் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவனுக்குக் கல்வி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் ஒரு வகை. மற்றவனுக்கு வேறு வகை. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் எழுதும் ஒவ்வொரு தலைமையாசிரியரும் இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் காண்கிறார்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்பவர், தம் இனத் தொழிலாளர்க்கு அரசு அளித்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமைகள் புதிய சமயத்திலும் அதே கடுமையுடன் தொடர்கின்றன என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை.

தோழர்களே, இங்கே நின்று சிந்தியுங்கள். அச்சான்று யாரிடம் இருக்கின்றது? திருச்சபையின் பதிவேடுகளில் இருக்கின்றது. இரு வாயில் வைத்துக் கட்டிய கோயில்களில் இருக்கின்றது. சுவர் வைத்த கல்லறைத் தோட்டங்களில் இருக்கின்றது. "எங்களிடம் சாதி இல்லை" என்று சபையார் பெருமைக்காகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சூசையின் வழக்கு மீண்டும் தோற்கிறது. "எங்களிடம் சாதி இருந்தது, இருக்கிறது, அதற்காக வருந்துகிறோம்" என்று ஆண்டும் இடமும் குறித்து எழுதித் தந்தால், அது வெறும் சொல்லன்று, ஆவணம் ஆகும். 2007இல் ரங்கநாத் மிசுரா ஆணையம் மத அடிப்படையிலான தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் இதனை ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. இத்தகைய ஆணையங்களின் முன் உண்மையை ஒப்புக்கொள்ளும் ஒரு தாள், ஓராயிரம் அனுதாபச் சொற்பொழிவுகளினும் மேலானது.

நம் மாவட்டத்து வாச்சாத்தி கற்பிக்கும் பாடமும் இதுவே. 1992 ஜூன் 20ஆம் நாள் நடந்த கொடுமையை அரசுத் துறையினர் நடக்கவே இல்லை என்று சாதித்தனர். மலைமக்கள் தளரவில்லை. 2011இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பாயிற்று. 2023இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இழப்பீடும் வழங்க ஆணையிட்டது. 'நடந்தது' என்ற ஒரு சொல்லை எழுதி வாங்கவே அவர்கள் ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. சொல்லின் மதிப்பு அத்தகையது.

ஐந்து காரியங்கள்

அங்ஙனமாயின் எத்தகைய மன்னிப்பை நாம் எதிர்பார்க்க வேண்டும்? இதற்கு வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. கத்தோலிக்கச் சிறுவர்க்குக் கற்பிக்கும் ஞானோபதேசத்தில், நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்பர். பாவத்தை நினைத்து ஆராய்தல், மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை எனத் தீர்மானித்தல், பாவத்தை வாய்விட்டுச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல் என்பன அவை. எட்டு வயதுச் சிறுவனுக்கு விதித்த முறை, நானூறு ஆண்டுத் திருச்சபைக்கும் பொருந்தும் அன்றோ?

ஆராய்தல்: ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு சேகரமும் தன் பழைய பதிவேடுகளைத் திறந்து, எங்கெங்கே வேற்றுமை நடந்தது என்று எழுத வேண்டும். வருந்துதல்: அது உள்ளத்தின் செயல், அதனை நாம் அளக்க இயலாது. தீர்மானித்தல்: இதிற் சில முயற்சிகள் நடந்துள்ளன. 1982இல் இந்திய ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. 1990இல் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்க்கெனப் பத்து அம்சத் திட்டம் வகுத்தது. 2003இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், தம்மைக் காண வந்த தமிழக ஆயர்களிடமே சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். சொல்லுதல்: 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் உண்டு என ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் மக்களிடமிருந்து முதல் கர்தினாலாக உயர்ந்தார். இவற்றை நாம் மனமுவந்து பாராட்டுவோம்.

ஆனால் ஐந்தாவதாகிய அபராதம் தீர்த்தலில்தான் கணக்கு நிலுவையில் உள்ளது. விவிலியத்திலே சகேயு என்னும் வரி தண்டுவோன், தான் வஞ்சித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். வெறுங்கையோடு வந்து வருந்துகிறேன் என்று சொன்னானில்லை. நான்கு மடங்கு வேண்டா. நியாயமான பங்கு போதும். ஊர்தோறும் ஒரே கோயில், ஒரே வாயில், ஒரே கல்லறைத் தோட்டம் வேண்டும். திருச்சபையின் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் பயில்கின்றனர், எத்தனை பேர் பணிபுரிகின்றனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குருமடங்களில் நம் இளைஞர்க்குரிய இடம் கிடைக்க வேண்டும்.

ஆகவே நம் முடிவு இது: திருச்சபைகள் மன்னிப்புக் கோருதல் கடமையே. ஆனால் ஐந்தாவது காரியம் இல்லாத மன்னிப்பை ஏற்கும் கடமை நமக்கு இல்லை. மேலும், கல்லறையிலும் தள்ளி வைக்கப்பட்டோரின் சார்பில், அவர்களைக் கேளாமல், "மன்னித்தோம்" என்று விரைந்து சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை. நமக்குள்ள உரிமை, கேட்பது, கணக்கைச் சரிபார்ப்பது.

இளைஞர்க்கு

இளைஞர்களே, இவ்வளவுகோல் பிறர்க்கு மட்டும் அன்று. நம்முள் பறையர் என்றும் அருந்ததியர் என்றும் பள்ளர் என்றும் வேற்றுமை பாராட்டும் இடம் எங்கேனும் இருப்பின், இதே ஐந்து காரியங்கள் அங்கும் வேண்டும்.

உங்கள் முன் ஒரு பணி காத்திருக்கின்றது. தருமபுரி மறைமாவட்டம் 1997இல்தான் தோன்றியது. ஆனால் கோவிலூர், பி. பள்ளிப்பட்டி முதலிய ஊர்களின் கிறிஸ்தவ மரபு மிகப் பழமையானது. அவ்வூர்களிலும் நம் தெருக்களிலும் எண்பது வயது கடந்த முதியோர் இருக்கின்றனர். எவ்வாயில் வழியே நுழைந்தார்கள், எங்கே அமர்ந்தார்கள், பிணத்தை எவ்வழியே கொண்டு சென்றார்கள், எந்தக் குரு தம் வீட்டில் நீர் அருந்தினார், எவர் அருந்தவில்லை என்பதையெல்லாம் கேட்டு, நாள், ஊர், பெயருடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நன்மை செய்தோரின் பெயரையும் விடாது எழுதுங்கள். பகைமையோடு எழுத வேண்டா. தேர்வுத் தாள் திருத்துவது போல், உள்ளதற்கு மதிப்பெண் இட்டு, இல்லாததற்கு இடாமல் எழுதுங்கள்.

இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தது. எழுதத் தெரிந்த தலைமுறையின் முதற்கடன், எழுதத் தெரியாமல் மறைந்தோரின் வழக்கை எழுதி வைப்பதே. அக்குறிப்பேடுகள் சங்கத்தின் நூலகத்தில் சேருமாயின், மன்னிப்புக் கோர வருவோர்க்கு எதற்காகக் கோருகிறோம் என்பது தெளிவாகும். கோர மறுப்போர்க்கு விடையும் கிடைக்கும்.